இரண்டாம் முறை வாசித்த சம்மதத் தாள்

அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று முட்டத்தில் எல்லோரிடமும் சொன்னது நான்தான். அம்மாவிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி மாமா கையில் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தனுப்பியபோதும் அப்படியே எழுதினேன். ‘குடலிறக்க அறுவை சிகிச்சை செய்யவிருக்கும் ஏசுஅடிமையின் உடல்நலத்துக்காக’ என்று ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் பூசையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கலங்கரை விளக்கம் வரை கேட்டிருக்கும். அது இரண்டாயிரத்துப் பதினொன்று.

குடலிறக்கம் எங்கள் ஊரில் வெட்கப்படுகிற நோயல்ல. வள்ளத்துக்குத் தோள் கொடுத்து மணலில் ஏற்றி இறக்குகிற ஆண்களுக்கு வருவது. அப்பாவும் முப்பத்தைந்து வயதுவரை வள்ளம் தள்ளியவர்தான். அதற்குப் பிறகு கரையில் மீன் ஏலம் விடுகிறவரானார். ஏலத்தில் பாதிப் பேர் வாய் திறந்து விலை கேட்கமாட்டார்கள். ஒருவன் இமையைத் தாழ்த்துவான், ஒருவன் தாடையை அரை அங்குலம் அசைப்பான். அப்பா எல்லாவற்றையும் பிடித்துவிடுவார். அவருக்குக் குடல் இறங்கியிருக்கிறது என்றால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. நான் அதை யோசித்துத்தான் அந்த நோயைத் தேர்ந்தெடுத்தேன்.

உண்மையான நோயை எனக்குச் சொன்னவர் டாக்டர் சுல்ஃபியா. நாகர்கோவிலில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் அவர்தான் சர்ஜன். தேங்காப்பட்டணத்துக்காரி. அப்பாவை ஸ்கேன் அறையிலிருந்து வார்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த நேரத்தில் என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

“பெருங்குடல்ல கடைசி பாகத்துல கட்டி. முக்கால்வாசி அடைச்சிருக்கு. ஈரலுக்கும் போயாச்சு. முழுசா எடுத்துக் குணமாக்குற கட்டம் தாண்டிருச்சு, அபின்.”

நான் அவர் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் ஒரு சிப்பி.

“ஆனா அப்படியே விட முடியாது. கட்டி முழுசா அடைச்சா குடல் வெடிச்சிரும். ஒரு வாரமோ பத்து நாளோ. அதனால கட்டிக்கு மேல குடலை வெட்டி, வயித்துக்கு வெளிய கொண்டுவந்து ஒரு பை வைப்போம். மலம் அதுவழியாப் போகும். அவரு வலியில்லாம சாப்பிடலாம், தூங்கலாம். இந்த ஆபரேஷன் அதுக்குத்தான்.”

“பை எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“கடைசி வரைக்கும்.” சற்று நிறுத்தினார். “அப்பாகிட்ட நான் பேசுறேன். நீங்களும் கூட இருங்க.”

“வேண்டாம் டாக்டர். நான் சொல்லிக்கிடுதேன். என் வாயால கேட்டாத்தான் அவரு தாங்குவாரு.”

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த துக்கத்தில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது. அப்போது நான் நாகர்கோவிலில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் கிடைக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களையெல்லாம் வாசித்துவிடுவேன். பனி கொட்டும் ஊர்களில் மகன்கள் தந்தையரின் கட்டிலருகே மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்து கடினமான விஷயங்களை மெல்லிய குரலில் சொல்வார்கள். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.

“சரி,” என்றார் டாக்டர். “நாளைக்குக் காலைல சம்மதத் தாள் வரும். அவரேதான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள சொல்லியிருக்கணும்.”

அன்று சாயங்காலம் வார்டில் ஒரு மனிதர் கைலியை இடது கையால் தூக்கிப் பிடித்தபடி குளியலறைக்கு நடந்துபோனார். சட்டைக்கடியில் பை தொங்கியது தெரிந்தது. அப்பா அவர் திரும்பி வரும்வரை பார்த்தார்.

“எப்பா! வயித்துல பையைக் கெட்டித் தூக்கிட்டு நடக்கதுக்கு, நானெல்லாம் பாறையில ஏறி அப்பிடியே கடல்ல சாடிருவேன் மக்கா,” என்று சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த முத்துக்கனியும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் குழித்துறைக்காரர். துணைக்கு மகள் பெபிஷா இருந்தாள். நர்சிங் இரண்டாம் ஆண்டு.

நான் சொல்லவில்லை. சொன்னால் மறுத்துவிடுவார், குடல் வெடித்துச் செத்துப்போவார், அதனால்தான் மறைத்தேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் அது முழுதும் இல்லை. அவர் முகம் மாறும்போது நான் எதிரில் இருக்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

காலையில் தாள் வந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்தது, நடுவில் டாக்டர் கையால் எழுதிய நாலைந்து வரிகள். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆங்கிலம் அவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் தாளின் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“வாசி மக்கா. என்ன சரக்குன்னு தெரியாம கை வைக்கப்பிடாது.”

நான் வரிகளுக்கடியில் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தேன். “குடல் இறங்கினதைச் சரியாக்கித் தையல் போடுவாங்க. மயக்க மருந்து குடுப்பாங்க. ரெண்டு நாளு ஒண்ணும் தின்னக்கூடாது.”

“இம்புட்டு எழுத்துக்கும் இவ்வளவுதானா?”

“இங்கிலீசுல அப்பிடித்தான்ப்பா. நீட்டி எழுதுவானுவ.”

“நம்ம சாமியாருக்க பிரசங்கம் மாதிரி,” என்றார் அப்பா. ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினார். கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் வந்து அவரிடமே கேட்டார். “மகன் எல்லாம் விவரமாச் சொன்னாரா? ஏதாவது கேக்கணுமா உங்களுக்கு?”

“ஒக்க வாசிச்சுக் காட்டிட்டான் டாக்டரே. எனக்க மவன் எம்.ஏ.யாக்கும். எனக்குப் பேடி ஒண்ணும் இல்ல.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அப்பாவின் கையைத் தொட்டு, “நல்ல தைரியம்” என்றார்.

பிறகு நர்ஸ் வந்து அப்பாவை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள், மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தாள். தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் கறுப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள்.

“இது என்னத்துக்குல?”

“தையல் போடுத இடம்ப்பா.”

“ஏலத்துல எடுத்த சூரை மீனுக்கு வால்ல வெட்டி அடையாளம் வச்ச மாதிரி இருக்கு,” என்றார். நர்ஸும் சிரித்தாள். எல்லாம் தெரிந்த மனிதர் தைரியத்துக்காகச் சொல்கிற தமாஷ் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் முழுதும் அப்பா மயக்கத்திலும் வலியிலும் கிடந்தார். மூன்றாம் நாள் காலை நான் கேன்டீனில் இருந்தபோது போர்வை விலகியிருக்கிறது. அம்மாவின் சத்தம் மாடிப்படிவரை கேட்டது. நான் ஓடிவந்தபோது அப்பா தலையை உயர்த்தித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வட்டம் இருந்த இடத்தில் ஈரமாகச் சிவந்த சதை. அதன்மேல் ஒட்டிய பை. உள்ளே மஞ்சளாகக் கொஞ்சம் நீர்.

“இது என்னது மக்கா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

“தெரியலப்பா. டாக்டர்ட்ட கேக்கணும்.”

அம்மா கட்டிலுக்குக் கீழே இருந்த கூடையிலிருந்து செல்போனை எடுத்துத் தன் அண்ணனை அழைத்தாள். “அண்ணே, குடலிறக்கம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, மனுசனுக்க வயித்த வெட்டி மலம் போவதுக்குப் பை வச்சிருக்காவ. கையத் தவறி வெட்டிப்போட்டாவ போலிருக்கு. நீ ஓடி வா.” நான் கை நீட்டினால் போனைப் பிடுங்கியிருக்கலாம். அவ்வளவு அருகில் நின்றேன்.

ரசலையன் மாமா பதினோரு மணிக்கு வந்தார். ஐஸ்பெட்டி ஏற்றுகிற வண்டியில் ஒன்பது பேர் நின்றபடியே வந்திருந்தார்கள். கரையிலிருந்து நேராக வந்ததால் முழங்கால்வரை மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. வார்டு முழுதும் மீன் வாடை அடித்தது. முதலில் அவர்கள் சண்டைக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை.

“ஓய் ஏலக்காரரே, எந்திரிச்சு வாரும். நீரு இல்லாம நேத்து ரசலையன் கணவாய வித்தாரு. வாங்கினவன் சிரிச்சிட்டுப் போறான்,” என்றார் ஒருவர்.

“லே, நான் வித்தது கணவா. நீ போன மாசம் வித்தது ஐஸுல்லா,” என்றார் மாமா. அப்பா சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. போர்வையை இன்னும் மேலே ஏற்றிக் கழுத்துவரை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது.

அந்த நேரத்தில் டாக்டர் சுல்ஃபியா ரவுண்ட்ஸ் வந்தார்.

“டாக்டரே, நில்லுங்க. குடல் இறங்கிச்சுன்னு வந்த மனுசனுக்கு வயித்துல ஓட்டையப் போட்டுக் கக்கூஸு வச்சு விட்டிருக்கியளே, ஆருகிட்ட கேட்டிய?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மத்த நோயாளிங்க இருக்காங்க.”

“மெதுவாப் பேசவா? இவருக்க தொண்டையில வித்த மீனு மூணு வள்ளத்துக்குச் சோறு போட்டிருக்கு. இனி இந்தப் பையோட கரையில எப்பிடி நிப்பாரு? வெட்டத் தெரியாதவியளுக்கு எதுக்குக் கத்தி?”

பின்னாலிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். யாரோ மருந்து வண்டியைத் தள்ளியதில் ஒரு கிண்ணம் விழுந்து உருண்டது. நர்ஸ் டாக்டரின் முன்னால் வந்து நின்றாள். டாக்டர் அவளை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அபின்.”

பெயரை மட்டும்தான் சொன்னார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது. நான் சொன்னேன்:

“எங்ககிட்டத் தெளிவாச் சொல்லலையே டாக்டர்.”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஏதோ ஓர் ஊரின் பெயரை நினைவுபடுத்திக்கொள்கிறவர்போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்ஸிடம், “கேஸ் ஷீட் கொண்டுவாங்க” என்றார். அதிலிருந்த சம்மதத் தாளை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

“இங்கிலீசுல எழுதிக் கையெழுத்து வாங்கினா அவருக்கு என்ன தெரியும்?” என்றார் மாமா.

“அவரு படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் போட்டாரு. அவரே என்கிட்டச் சொன்னாரு.”

“அத இஞ்ச கொண்டா.”

அப்பாவின் குரல். மூன்று நாள் பட்டினியிலும் அது கரையில் ஒலிக்கிற குரலாகவே வந்தது. மாமா தாளைக் கட்டிலில் வைத்தார். அப்பா அதை எடுத்து, கண்ணாடி இல்லாமலேயே தன் கையெழுத்து இருக்கிற இடத்தைத் தடவிப்பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

“வாசி.”

நான் வாங்கினேன். ஆங்கிலத்தில் முதல் வரியைத் தொடங்கினேன்.

“எனக்கு வாசிச்சது தமிழ்லயில்லியா. தமிழ்ல வாசி.”

மறுபடியும் பொய் சொல்ல முடியுமா என்று நான் யோசித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். குடலிறக்கத்தோடு வேறு ஏதோ சிக்கல் என்று இரண்டு வரி மனத்தில் உருவாகிவிட்டது. அப்போதுதான் பெபிஷா என் தோளுக்குப் பின்னால் நிற்பதைக் கவனித்தேன். விழுந்த கிண்ணத்தை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண்கள் தாளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. மனம் திருந்தி நான் உண்மையை வாசிக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்ததால் வாசித்தேன்.

“பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய். ஈரலுக்குப் பரவியிருக்கிறது. கட்டியை அகற்ற இயலாது. குடல் அடைத்துக்கொள்ளாமலிருக்க, அதை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை வைக்கப்படும். பை நிரந்தரமானது.”

“பொறவு?”

“அவ்வளவுதான்ப்பா.”

“பொறவும் எழுத்துக் கிடக்கே.”

“இவை எல்லாம் எனக்குப் புரியும் மொழியில் எனக்கு விளக்கிக் கூறப்பட்டன.”

“கீழ ஆருக்க கையெழுத்து?”

“உங்களுக்க.”

“அதுக்குக் கீழ?”

“எனக்க.”

அம்மா, கையிலிருந்த தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். மாமா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர், “வண்டிய எடுங்கலே, போவோம்,” என்றார். ஒவ்வொருவராக அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என்னைக் கடந்து போனார்கள்.

அப்பா டாக்டரை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பினார். ஒரு கையில் குளுக்கோஸ் குழாய் இழுத்தது.

“டாக்டரே, மன்னிச்சுக்கிடணும். எனக்க வீட்டுக்க குத்தம்.”

டாக்டர் வேகமாக வந்து அந்தக் கைகளைப் பிரித்துக் கீழே இறக்கினார். “குழாய் இளகிரும். கைய அசைக்காதீங்க,” என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் நான் அவர் அறைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுதிக்கொண்டே பேசினார்.

“எட்டு வருசமா இந்த ஊர்ல ஆபரேஷன் பண்றேன். எல்லா மகனும் நான் சொல்லிக்கிடுதேன்னுதான் சொல்லுவான். சொல்ல முடியலன்னா காலைல வந்து, முடியல டாக்டர், நீங்க சொல்லுங்கம்பான். நீங்க தலையாட்டினீங்க.” நிமிர்ந்தார். “அவர்கிட்ட நேர்ல வந்து நான் எல்லாத்தையும் மறுபடி பேசுறேன். நீங்க கூட வர வேண்டாம். பை மாத்தப் படிச்சுக்கோங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நர்ஸ் காட்டித் தருவாங்க.”

படித்துக்கொண்டேன். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, சதையைச் சுற்றிலும் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்தபிறகு புதுப் பையை ஒட்ட வேண்டும். ஓட்டையைச் சரியான அளவுக்கு வெட்டாவிட்டால் தோல் புண்ணாகும். முதல் நாள் என் முகம் சுளிப்பதை அவர் பார்க்கக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா பார்க்கவில்லை. நான் செய்து முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவுமில்லை. “வலிக்காப்பா?” என்றால், “இல்ல.” “சூடு சரியா இருக்கா?” என்றால், “இருக்கு.” மக்கா என்று அழைப்பதும் நின்றுபோனது.

பாறையிலிருந்து சாடுவதைப் பற்றியும் அவர் அதன்பிறகு பேசவில்லை. ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டு அம்மாவிடம், “வயித்து வலி போயிருச்சு கிரேசி. ஒரு வருசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் தின்ன மாதிரி இருக்கு,” என்றார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்பட்டேன்.

இரவு வராந்தாவில் பாய் விரிக்கும்போது அம்மா கேட்டாள்: “ஏலே, ஊருக்குப் பொய் சொன்ன, சரி. எனக்கிட்டயாவது சொல்லியிருக்கப்பிடாதா? நானில்லியா அவருக்குப் பொஞ்சாதி?” நாவல்களில் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நர்ஸ் டிஸ்சார்ஜ் தாளை அப்பாவின் கையிலேயே கொடுத்தாள். இரண்டு பக்கம், ஆங்கிலம். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று பைகளையும் பஞ்சையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் நீட்டுவார் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டேன்.

“பெபிஷா மோளே, இஞ்ச வா. இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லு.”

அவள் தயங்கினாள். “அபின் அண்ணன் இருக்காவல்லியா மாமா?”

“அவன் இருக்கட்டு. நீ வாசி.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். பெயர், வயது, சேர்த்த தேதி. என்ன ஆபரேஷன் செய்தார்கள் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகத் தமிழில் சொன்னாள். தெரியாத இடத்தில், “இது எனக்குத் தெரியல மாமா, டாக்டர்ட்ட கேக்கலாம்,” என்றாள். எவ்வளவு சுலபமான வாக்கியம் அது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார். என்னென்ன மாத்திரை, பையை எப்போது மாற்ற வேண்டும், என்ன சாப்பிடலாம்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

அது எந்த வரி என்று எனக்குத் தெரியும். நர்ஸ் மேசையில் தாள் கிடந்தபோதே வாசித்திருந்தேன். இனி கொடுக்கப்போகும் மருந்து நோயைக் குணமாக்க அல்ல, இருக்கிற நாட்களை ஓரளவு நீட்டவும் வலி தெரியாமல் வைக்கவும் மட்டுமே என்று எழுதியிருந்தது. டாக்டர் நேரில் பேசியபோது இதை எந்த அளவுக்குச் சொன்னார், அப்பா எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. என்னை யாரும் அங்கே வைத்துக்கொள்ளவில்லை.

பெபிஷா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. தாடை தானாக அசைந்தது, அரை அங்குலம்கூட இருக்காது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. சம்மதத் தாளை வாசித்த நாளிலிருந்தே அப்படித் திரும்பாமல்தான் படுத்திருந்தார்.

“அவனப் பாக்காத மோளே,” என்றார். “தாளப் பாரு.”

அவள் தாளைப் பார்த்தாள். வாசித்தாள்.